நல்ல நிலையில் ஒரு குதிரை

செத்துப் பதினாறு வருஷம் ஆன குதிரை ஒன்று நம் நாட்டில் உயிரோடு இருக்க வேண்டுமானால், அது ஒரு வங்கியின் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்க முடியும். தாண்டிக்குடி நல்லுசாமிக்கு இந்த உண்மை தெரியவந்தது 2008-ஆம் வருஷம், ஆனி மாதத்தில். அதுவரை அவர் தன் செவலைக் குதிரை செத்துப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்ததை நம்புகிற பழங்காலத்து மனிதர், வேறொன்றுமில்லை.

அவர் வங்கிக்குப் போனது குதிரை விஷயமாக அல்ல. மகள் சுதாராணி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்து, திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தாள். ஆடி முடிவதற்குள் பணம் கட்டினால் இடம் அவளுக்கு. கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கிறவளுக்கு. நல்லுசாமியும் அவர் மனைவி அன்னக்கொடியும் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் கையில் அவ்வளவு பணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக்கடன் கொடுக்கிறோம் என்று பேப்பரில் தினமும் போடுகிறார்களே, கேட்டுத்தான் பார்ப்போமே என்று குறிஞ்சி முன்னேற்ற வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மேனேஜர் ஞானவேல் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். வெயில் அடிக்கிற நாளிலும் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, இந்த மலை தன்னைத் தண்டிக்கவே படைக்கப்பட்டது என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார், சுதாராணியின் மார்க்கைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார், அப்புறம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். முகம் மாறியது.

"உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு லோன் ஓடுதே, பெரியவரே."

"இல்லீங்களே சார்."

"குதிரை லோன்."

நல்லுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடனை நினைத்து அல்ல. குதிரையை நினைத்து.

அந்தக் காலத்தில் மேலே இருந்த ஊர்களுக்கு ஜீப் கிடையாது. ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் மலைவாழையும் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு இறங்க வேண்டும். மலைமக்களை முன்னேற்றுவதற்கென்று வந்த ஏதோ ஒரு திட்டத்தில் இதே வங்கி நல்லுசாமிக்கு ஒரு பொதிகுதிரை வாங்கக் கடன் கொடுத்தது. கொடுத்த கையோடு குதிரையின் இடது காதில் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் குத்தியது. வங்கிக்கு அந்த வில்லைதான் குதிரை. மீதியெல்லாம் நல்லுசாமியின் தலைவலி.

மறு வருஷம் ஐப்பசி மழையில் பாதை சரிந்து, முதுகில் ஆரஞ்சு மூட்டையோடு செவலை பள்ளத்தில் விழுந்தது. அன்றைய மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, வில்லையோடு காதைக் கொண்டுவந்தால்தான் குதிரை செத்ததாக அர்த்தம் என்று அவர் சொல்லிவிட்டார். விதி அப்படி. நல்லுசாமி கொடியைப் பிடித்துப் பள்ளத்தில் இறங்கினார். செவலையின் கண் திறந்தே இருந்தது. காதை அறுத்த கையை அவர் ஓடையில் கழுவிக்கொண்டே இருந்தார், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காதை ஒரு பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, வங்கி தன் இரும்பறையில் பத்திரமாக வைத்துக்கொண்டது. குதிரை நோயில் செத்தால்தான் பணம் உண்டு, பள்ளத்தில் செத்தால் கிடையாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் தலைமை அலுவலகம் பார்த்து, தேறாத கடன் என்று எழுதித் தள்ளிவிட்டது.

"போயிட்டு வாங்க நல்லுசாமி, இனி உங்களுக்கும் பேங்குக்கும் ஒண்ணுமில்ல" என்றார் அன்றைய மேனேஜர். நல்லுசாமியும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கவில்லை. பெரிய மனுஷன் வாயால் சொன்ன பிறகு காகிதம் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? இந்த மலையில் எல்லோரும் செய்கிற தப்பு இது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

"அதான் தள்ளுபடி ஆயிருச்சுங்களே சார்" என்றார் இப்போது.

ஞானவேல் பரிவோடு சிரித்தார். "அது பேங்க் தன்னோட கணக்குல எழுதித் தள்ளினது. அது பேங்கோட மன நிம்மதிக்கு. உங்க கடன் அப்படியேதான் இருக்கு. நடுவுல எல்லாம் பழைய பேரேட்டுல தூங்கிட்டு இருந்துச்சு. போன வருஷம் மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். இப்போ மும்பையில நற்பெயர்ப் பதிவகம்னு ஒண்ணு வந்திருக்கு. நாட்டுல கடன் வாங்கின எல்லாருடைய நல்ல பேரும் அங்க பத்திரமா இருக்கு."

"எம் பேரும் இருக்குங்களா?"

"உங்களது கெட்ட பேர். அதுவும் அங்கதான் இருக்கு."

வட்டியும் வட்டிக்கு வட்டியுமாகச் சேர்ந்து, செத்த குதிரை இப்போது ஒரு பழைய ஜீப்பின் விலைக்கு வந்திருந்தது. உயிரோடு இருந்தபோது அதற்கு அந்த மதிப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த நேரம் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஞானவேல் குல்லாவைக் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். வந்தவர் ஓர் எஸ்டேட் முதலாளி. அவருக்குக் காப்பி வந்தது, பிஸ்கெட் வந்தது, தவணை மூன்றாவது முறையாகத் தவறியதற்காக மேனேஜரே அவருக்கு ஆறுதல் சொன்னார். அவர் போன பிறகு நல்லுசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவுகளும் கட்டலையாங்க சார்?"

"அவருது மறுசீரமைப்பு" என்றார் ஞானவேல். "கோடிக்கணக்குல வாங்கினவர் கட்டலைன்னா அது பேங்கோட பிரச்சினை, பேங்க் அவர் கூடவே நிக்கணும். ஆயிரக்கணக்குல வாங்கினவர் கட்டலைன்னா அது ஒழுக்கப் பிரச்சினை. உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்குங்க. ஆனா இந்த ஸ்கிரீன்ல நம்பிக்கைக்குன்னு ஒரு கட்டம் கொடுக்கலையே, நான் என்ன பண்ண?"

இது எவ்வளவு உண்மையான பேச்சு என்று அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தது. சுதாராணி உட்கார்ந்து மணிமணியான எழுத்தில் நிரப்பி மும்பைக்கு அனுப்பினாள். பதில் வழவழப்பான தாளில் இங்கிலீஷில் வந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து அப்பாவுக்கு அர்த்தம் சொன்னாள். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது. அதை உங்கள் வங்கிக்கு அனுப்பி, நீங்கள் சொன்னது சரியா என்று கேட்டோம். நாங்கள் முன்பு சொன்னதைத்தான் முன்பு சொன்னோம் என்று வங்கி உறுதி செய்துள்ளது. ஆகவே உங்கள் புகார் உங்கள் திருப்திக்கேற்ப முடித்து வைக்கப்பட்டது.

"நமக்குத் திருப்தின்னு அவனுகளுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"அது அச்சடிச்சே வந்திருக்கும்மா" என்றாள் மகள்.

அந்தப் புகாரால் ஒரே ஒரு பலன் கிடைத்தது. கடனாளி குதிரை இல்லை என்கிறார், வங்கியின் கம்ப்யூட்டர் இருக்கிறது என்கிறது, ஆகவே சொத்தை நேரில் பார்த்து வரவும் என்று மதுரை வட்டார அலுவலகம் ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தது. அவர் பெயர் திருமலைச்சாமி. பளபளக்கும் ஷூவும் தோல் பையுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். மலையேறி வந்த களைப்பில் முதலில் சாப்பிட வேண்டும் என்றார். அன்னக்கொடி முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். வீட்டில் இருந்த ஒரே கோழி அதுதான். எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டு முடித்து, இலையை மடக்கிவிட்டு, அவர் பள்ளத்துக்குக் கிளம்பினார்.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். கீழே உண்ணிச்செடிப் புதர் அடைந்து கிடந்தது.

"சொத்து எங்க?"

"அந்தா, அந்தப் பாறைக்குக் கீழதாங்க சார் விழுந்துச்சு. எலும்புகூட மிஞ்சியிருக்காது."

"நீங்க பார்த்தீங்களா?"

"காதை அறுத்தது நாந்தானுங்களே."

"நான் அதைக் கேட்கலை. எலும்பு மிஞ்சலைங்கறதைப் பார்த்தீங்களா?"

திருமலைச்சாமி குனிந்து எழுதினார். 'சொத்து பள்ளத்தில் இருப்பதாகக் கடனாளி கூறுகிறார். இறங்கிப் பார்க்கப் பாதை வசதி இல்லை. சொத்து இல்லை என்பதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை.' எழுதிவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஆண் குதிரையா, பெண் குதிரையா?"

"பொட்டைங்க."

அதிகாரியின் முகத்தில் முதல்முறையாக உற்சாகம் வந்தது. "அப்போ பதினாறு வருஷத்துல குறைஞ்சது ஆறு குட்டியாவது போட்டிருக்கணும். அதுல வந்த வருமானத்தை எங்கேயும் காட்டலையே?"

"செத்த குதிரை எப்படீங்க சார் குட்டி போடும்?"

"செத்ததுன்னு யார் சொன்னது? நீங்க சொல்றீங்க. உங்க பேச்சை எடுத்துக்கறதா இருந்தா என்னை எதுக்கு இவ்வளவு தூரம் அனுப்பணும்? பாருங்க, எனக்கு உங்க மேல தனிப்பட்ட விரோதம் இல்ல. உண்மையைக் கண்டுபிடிக்கிறது என் வேலையும் இல்ல. அறிக்கையில ஒரு கட்டம்கூடக் காலியா இல்லாம பார்த்துக்கறதுதான் என் வேலை." குட்டிகள் என்ற கட்டத்தில் ஆறு என்று போட்டார். போகும்போது ஒரு தார் மலைவாழையும் ஒரு பாட்டில் தேனும் ஜீப்பில் ஏறின. அவை அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

அன்று நல்லுசாமி ரோட்டோரமாகத் திரும்பிக் காறித் துப்பினார். சாதாரணமாக அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

ஆடி பிறந்துவிட்டது. அந்த வாரம் வங்கியிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. வாடிக்கையாளர் மகிழ்ச்சி தினமாம், அவசியம் வர வேண்டுமாம். கடன் கிடைக்கப்போகிறது என்று நினைத்து மூவரும் துவைத்த துணி உடுத்திக்கொண்டு வெள்ளனே போனார்கள். பந்தல் போட்டு, குத்துவிளக்கு வைத்து, மைக் கட்டியிருந்தது. வட்டார மேலாளர் மதுரையிலிருந்து வந்திருந்தார். விளக்கேற்றி, ஒருவரை ஒருவர் புகழ்ந்து முடித்த பிறகு, ஞானவேல் மைக்கில் நல்லுசாமியின் பெயரைக் கூப்பிட்டார். மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வட்டார மேலாளர் குரலை உயர்த்தினார். "இன்று வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் இதோ நிற்கிறாரே நல்லுசாமி அவர்கள், இந்தக் கிளையில் அறுபடாமல் நீண்ட காலம் தொடர்பில் இருப்பவர் இவர் ஒருவர்தான்! பதினேழு ஆண்டுகள்! எத்தனை மேனேஜர்கள் மாறினார்கள், இவர் கடன் மாறவில்லை. வங்கி ஒருவரை மறக்காது என்பதற்கு இவரே சாட்சி. நாங்கள் லாபத்துக்காக நடத்தவில்லை, உறவுக்காக நடத்துகிறோம்!"

கைதட்டினார்கள். அந்தப் பளபளத்த பொன்னாடை நல்லுசாமியின் கழுத்தில் அரித்தது. இறங்கும்போது அவர் மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பிள்ளைக்கு ஆடி முடியறதுக்குள்ள பீஸ் கட்டணும். ஏதாச்சும் வழி பண்ணுங்க சார்."

"வழி இருக்கே!" என்றார் அவர். "ஒரே தவணைத் தீர்வு. மொத்தத்துல மூணுல ஒரு பங்கு கட்டுங்க. மிச்சத்தை நாங்க விட்டுக்கொடுக்கிறோம். கடன் தீர்ந்துடும், மும்பையில மாத்திடுவாங்க, மகளுக்கு லோன் வாங்கிக்கங்க. குதிரை இருந்ததா செத்ததாங்கற வீண் விவாதமே வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் அன்னக்கொடி கண்ணாடி முன் போய் நின்று, கல்யாணத்துக்குப் போட்டதிலிருந்து கழற்றாத தோட்டைக் கழற்றினாள். திருகு துருப்பிடித்ததுபோல் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். காதிலிருந்து ரத்தம் கசிந்தது.

"நீ பார்க்காத, அங்கிட்டுப் போ" என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள்.

தோட்டை அடகு வைத்த பணத்தோடு, தோட்டத்தில் முன்பணமாக வாங்கியதும் சேர்ந்து வங்கிக்குப் போனது. ஞானவேல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, இரும்பறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். ஸ்பிரிட் வற்றிப்போயிருந்தது. அடியில் கருத்துச் சுருண்ட தோல் துண்டு ஒன்று, அதில் பித்தளை வில்லை.

"தீர்வு ஆனதும் அடமானச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தாகணும், விதி. இங்க கையெழுத்துப் போடுங்க."

சுதாராணி அதை வாங்கிப் படித்தாள். "குதிரை ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கு சார். இது காதுதானே?"

"காதுக்குத் தனியா ஃபார்ம் இல்லம்மா."

நல்லுசாமி கையெழுத்துப் போட்டார். குதிரையை நல்ல நிலையில் வாங்கி, மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது மும்பையிலிருந்து புது அறிக்கை வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ஞானவேல் உதட்டைப் பிதுக்கினார்.

"'தீர்வு செய்யப்பட்டது'ன்னு வந்திருக்கு."

"நல்லதுதானுங்களே சார்?"

"எங்க நல்லது? முழுசாக் கட்டியிருந்தா 'முடிந்தது'ன்னு வரும். தீர்வுன்னா இந்த ஆள் முழுசாக் கட்டாம பேரம் பேசித் தப்பிச்சவர்னு அர்த்தம். இவருக்கு ஏழு வருஷத்துக்கு லோன் கொடுக்கக் கூடாது. பேரம் பேசுங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான சார்! ஒங்க மேலாளருதான மேடைல வச்சுச் சொன்னாரு!"

"நாங்க கடனைத் தீர்க்கச் சொன்னோம். உங்க நல்ல பேருக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்? அது மும்பையில இருக்கு." அவர் இன்னொரு முறை ஸ்கிரீனைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "ஆனா ஒண்ணு. நல்ல நிலையில ஒரு குதிரை வச்சிருக்கீங்கன்னு பதிவாயிருக்கு. ஆறு குட்டியும் இருக்கு. தீவனக் கடன் வேணும்னா எந்தத் தடையும் இல்லாம இன்னைக்கே கொடுக்கலாம்."

வங்கிக்கு வருகிறோமே என்று தோளில் போட்டு வந்திருந்த பொன்னாடையை நல்லுசாமி எடுத்து மேனேஜரின் மேஜை மேல் போட்டார். ஞானவேல் அதை நன்றாக மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் மகிழ்ச்சி தினம் வருமே.

திண்டுக்கல் இடம் பட்டியலில் அடுத்தவளுக்குப் போனது. சுதாராணி இரண்டு நாள் உட்கார்ந்து பாடப்புத்தகங்களை அடுக்கி மூட்டை கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டாள். தோட்டத்து முன்பணத்தை அடைக்க வேண்டும், அம்மாவின் தோட்டை மீட்க வேண்டும். ஏதோ ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. "போன்ல பேசுற சோலிம்மா, ஏசி ரூமு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். தன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு பழைய செல்போன் வாங்கி அனுப்பினாள். அந்த ஊரில் டவர் எடுக்கிற இடம் ஒன்றுதான். செவலை விழுந்த பள்ளத்தின் விளிம்பு. அங்கேயேதான் நல்லுசாமி காதைப் புதைத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போய் நின்று மகளிடம் பேசிவிட்டு வருவார்.

தை மாதம், வேலைநாள் ஒன்றில், காப்பிப்பழ மூட்டையைச் சுமந்துகொண்டு அந்த விளிம்பு வழியே வரும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். மூட்டையை இறக்கிவிட்டு எடுத்தார்.

"வணக்கம். திரு. நல்லுசாமி அவர்களாங்க?"

"தாயி! நாந்தான். என்ன, பேரச் சொல்லிக் கூப்பிடுற?"

அந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால் நிறையப் பெண்கள் ஒரே குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"சார்..." என்றாள் சுதாராணி. "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுதுங்க சார். குறிஞ்சி முன்னேற்ற வங்கியின் வசூல் பிரிவுல இருந்து பேசுறேன். உங்க குதிரைக் கடன்ல வங்கி விட்டுக்கொடுத்த தொகை, தள்ளுபடிக் கணக்குல நிலுவையா நிக்குதுங்க சார். அதை எப்போ கட்டுவீங்க?"

நல்லுசாமிக்குப் புரிந்தது. அவள் முன்னால் ஒரு ஸ்கிரீன் இருக்கும். அதில் அடுத்த பெயர் அவருடையது. கூப்பிடாமல் விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். குரல் நடுங்கினாலும் பிடிப்பார்கள் போலிருக்கிறது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கட்டிரலாங்கம்மா" என்றார். "தப்பு என்மேலதான். ஒங்களுக்கு எந்தத் தேதி தோதுப்படுமோ அதைப் போட்டுக்கங்க."

"சரிங்க சார். அப்புறம்... ஒங்க குதிரை நல்ல நிலையில இருக்கிறதா இங்க பதிவாயிருக்கு. அதை உறுதிப்படுத்தணும். நல்லா இருக்குங்களா சார்?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

"நல்லா இருக்கும்மா" என்றார் நல்லுசாமி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு. "அதுக்கு ஒரு கொறையுமில்ல. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"நன்றிங்க சார். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்."

அழைப்பு முடியவில்லை. இன்னொரு குரல் வந்தது, மனுஷக் குரல் அல்ல. உங்களிடம் பேசிய அலுவலரின் சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கொடுக்கவும், மிக நன்று என்றால் ஐந்தை அழுத்தவும் என்றது. நல்லுசாமி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஐந்து எங்கே இருக்கிறது என்று தேடி அமுக்கினார். பதிவாகியிருக்குமோ என்னவோ என்று மறுபடியும் அமுக்கினார். லைன் அறுந்துபோன பிறகும் அமுக்கிக்கொண்டே நின்றார்.